செக்கு எண்ணெய்க் கடைக்கு வலைப்பதிவு: 14 பதிவு போட்டும் ஒரு ஆர்டர்கூட ஏன் வரல?

#1 செக்கடி_ஈரோடு

கடை விவரம் சுருக்கமா: ஈரோடு பக்கம், 2 மரச்செக்கு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய். நேர்ல விக்கிறது போக பார்சலும் உண்டு. சொந்த டொமைன், வேர்ட்பிரஸ். இதுவரை 14 பதிவு. "செக்கு எண்ணெயின் 10 நன்மைகள்", "பாரம்பரியம் காப்போம்", பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, இந்த ரகம். வாட்ஸப்ல விசாரிக்கிறவங்க யாரும் பதிவைப் படிச்சுட்டு வந்த மாதிரி தெரியல. இதைத் தொடரலாமா, மூடிட்டு அந்தக் காசை விளம்பரத்துல போடலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 கணக்குப்பிள்ளை

மூடாதீங்க. வாழ்த்துப் பதிவுகளை மட்டும் இன்னிக்கே எடுத்துடுங்க. பொங்கல் வாழ்த்தைத் தேடி எண்ணெய்க் கடைக்கு யாரும் வரமாட்டாங்க.

உங்க தலைப்புகள்ல இருக்கிற கோளாறு ஒண்ணுதான். காசு எடுக்கப்போற ஆள் கேட்கிற கேள்வி ஒண்ணுகூட அதுல இல்ல. "10 நன்மைகள்" தேடுறவர் கட்டுரை படிக்க வந்தவர். "செக்கு நல்லெண்ணெய் 5 லிட்டர் விலை" தேடுறவர் வாங்க வந்தவர். ரெண்டாமவருக்கு எழுதுங்க.

கேள்விகளை எங்கேயும் போய்த் தேட வேண்டாம். கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு 40 பக்க நோட்டு வைங்க. 15 நாளைக்கு போன்ல, நேர்ல, வாட்ஸப்ல வர்ற கேள்வியை *அவங்க சொன்ன வார்த்தையிலேயே* எழுதுங்க. திருத்த வேண்டாம். எண்ணெய்க் கடைன்னா ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

"இது லிட்டர் கணக்கா, கிலோ கணக்கா?"
"மளிகைக் கடையில பாதி விலைக்குக் கிடைக்குதே?"
"அடியில மண்டி நிக்குது, கெட்டுப்போச்சா?"
"வடை போட்டா நுரை தள்ளுதே?"
"எங்க எள்ளைக் கொண்டாந்தா ஆட்டித் தருவீங்களா? கூலி என்ன? குறைஞ்சது எத்தனை கிலோ வேணும்?"
"தேங்காய் எண்ணெய் உறைஞ்சுபோச்சு, கலப்படமா?"

ஒரு கேள்விக்கு ஒரு பதிவு. மூணு தரம் வந்த கேள்வியை முதல்ல எழுதுங்க. கூலிக்கு ஆட்டுற கேள்வியை லேசா நினைக்காதீங்க. அதைத் தேடுறவர் கையில சரக்கோட நிக்கிறவர்.

#3 வடிகட்டி

#2 சொல்றதுதான் சரி. ஒண்ணு சேர்க்கிறேன். முதல் பதிவு விலையைப் பத்தித்தான் இருக்கணும். எல்லாரும் மறைக்கிறது அதைத்தான்.

அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ரிவர் பூல்ஸ்னு நீச்சல்குளம் பதிக்கிற நிறுவனம் ஒண்ணு. 2008 பொருளாதார நெருக்கடியில வியாபாரம் படுத்துப்போன நேரம். அதன் பங்குதாரர் மார்கஸ் ஷெரிடன் 2009-ல் வாடிக்கையாளர் கேள்விகளை ஒண்ணொண்ணா வலைப்பதிவுல எழுத ஆரம்பிச்சார். அதுல பேர் வாங்கினது ஃபைபர் கிளாஸ் குளம் எவ்வளவு ஆகும்ங்கிற பதிவு. ஒரே விலைன்னு சொல்லல. எதனால கூடும், எதனால குறையும், பொதுவா எந்த வரம்புல நிக்கும்னு சொன்னார். போட்டி நிறுவனங்கள் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்"னு மட்டும் சொல்லிட்டு இருந்ததால தேடினவங்களுக்கு அந்தப் பதிவுதான் கிடைச்சது.

குளத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். வாங்குறவர் மனசு ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான். விலை தெரியாம போன் போடக் கூச்சப்படுவார்.

#4 தராசுமுள்

விலைப் பதிவுல என்ன எழுதணும்னு ஒரு மாதிரி தர்றேன். எண்கள் மாதிரிக்குத்தான், உங்க கொள்முதல் விலையை மாத்திப் போட்டுக்குங்க.

1 லிட்டர் நல்லெண்ணெய்க்கு எள் சுமார் 2.5 கிலோ (எள்ளோட எண்ணெய்ச் சத்தைப் பொறுத்து முன்னபின்ன ஆகும்). கிலோ 160 ரூபாய்னா 400. கருப்பட்டி 100 கிராம், கிலோ 300-ன்னா 30. ஆட்டுகூலி, மின்சாரம் 30. பாட்டில், லேபிள் 15. மொத்தம் 475. இதுல புண்ணாக்கு வித்து வர்றதைக் கழிக்கணும்: 1.4 கிலோ, கிலோ 35-ன்னா 49. ஆக அடக்கம் 426. இதுக்கு மேலதான் கடை வாடகை, சேதாரம், லாபம், 5% ஜிஎஸ்டி.

இந்த ஒரு பத்தியைப் படிச்சவர் அப்புறம் "ஏன் இவ்வளவு விலை"ன்னு கேட்கமாட்டார். பக்கத்துக் கடையில 250-க்கு "செக்கு நல்லெண்ணெய்" போர்டைப் பார்த்தா அவரே கணக்குப் போட்டுக்குவார். நீங்க யாரையும் குறை சொல்லவே வேண்டாம். புண்ணாக்கு வரவை மறைக்காதீங்க, கிராமத்து ஆளுக்கு அது தெரியும். மறைச்சா மொத்தக் கணக்கும் பொய்னு நினைப்பார்.

அதே பதிவுல லிட்டர்-கிலோ விஷயத்தையும் முடிச்சுடுங்க. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 915 கிராம்தான் நிக்கும். ஒருத்தர் லிட்டர் 450-ன்னும் இன்னொருத்தர் கிலோ 450-ன்னும் வித்தா, ரெண்டாவது இடத்துல வாங்குறவருக்குச் சுமார் 90 மில்லி கூடுதலாக் கிடைக்கும். நீங்க எந்தக் கணக்குல விக்கிறீங்கன்னு தலைப்புக்குக் கீழேயே போடுங்க.

#5 பஜார்வாசி

> அடக்கம் 426

அடக்கத்தைப் போய் வெளியில சொல்றதா? போட்டிக் கடைக்காரன் பார்த்துட்டு 10 ரூபா குறைச்சு விப்பான்.

#6 தராசுமுள்

எள் விலை மண்டியில எல்லாருக்கும் தெரியும். அவர் ஏற்கனவே இந்தக் கணக்கைப் போட்டு முடிச்சிருப்பார். தெரியாதது வாங்குறவருக்கு மட்டும்தான். ரூபாய் போடத் தயக்கமா இருந்தா அளவுகளை மட்டும் போடுங்க: "2.5 கிலோ எள் ஆட்டினா 1 லிட்டர் எண்ணெய், 1.4 கிலோ புண்ணாக்கு". மண்டி விலையைப் பெருக்கிப் பார்த்துக்கிறது படிக்கிறவர் வேலை.

விற்பனை விலை மட்டும் கண்டிப்பா இருக்கணும், தேதியோட. "இந்த விலை இந்தத் தேதி முதல்"னு ஒரு வரி. மாறும்போது *அதே* பதிவைத் திருத்துங்க, புதுசு போடாதீங்க. வருஷத்தைப் பதிவோட இணைய முகவரியில சேர்க்காதீங்க. சேர்த்தா அடுத்த தையில அந்தப் பக்கம் பழசாத் தெரியும், இதுவரை சேர்த்த மதிப்பும் அங்கேயே முடங்கும்.

#7 தமிழ்த்தட்டச்சு

முகவரின்னதும் ஞாபகம் வருது. வேர்ட்பிரஸ்ல தமிழ்த் தலைப்பு வெச்சா ஸ்லக்கும் (இணைய முகவரியில அந்தப் பதிவைக் குறிக்கிற கடைசித் துண்டு) தமிழ்லயே உருவாகும். அங்க ஒரு குழி இருக்கு. ஸ்லக்குக்கு இடம் 200 எழுத்து. தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் உள்ளே சதவீதக் குறி போட்ட 9 எழுத்தா மாறும். "செக்கு"ங்கிறது கண்ணுக்கு 3 எழுத்து, கணினிக்கு 6 குறியீடு, அதாவது 54. "நல்லெண்ணெய்" 11 குறியீடு, 99. "விலை" 36. நடுவுல ரெண்டு சிறுகோடு. மொத்தம் 191. நாலாவது வார்த்தைக்கு இடமே இல்ல, வெட்டிடும். அந்த முகவரியை வாட்ஸப்ல ஒட்டினா சில போன்ல முழ நீளத்துக்கு சதவீதக் குறியா வந்து நிக்கும். ஏதோ வைரஸ்னு நினைச்சு தொடமாட்டாங்க.

அதனால தலைப்பு தமிழ்ல, ஸ்லக் மட்டும் ஆங்கில எழுத்துல 3-4 வார்த்தை. பதிவை வெளியிடும் *முன்னாலேயே* மாத்துங்க. வெளியிட்ட பிறகு மாத்தினா பழைய முகவரியிலிருந்து புதுசுக்கு 301 திருப்பல் (பழைய முகவரிக்கு வர்றவரை நிரந்தரமாப் புதுசுக்கு அனுப்புற ஏற்பாடு) போடணும். வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கைத் தானே திருப்பி விடும், ஆனாலும் ஒருதரம் சொடுக்கிப் பாருங்க.

பழைய பதிவு ஏதாவது பாமினி (யூனிகோட் இல்லாத பழைய வகை) எழுத்துருவுல தட்டினதா இருந்தா தூக்கிடுங்க. தேடுபொறிக்கு அது தமிழே இல்ல.

#8 வடிகட்டி

தேடுறவர் எழுத்துப் பிழையும் ஒரு பிரச்சினை. சரி "எண்ணெய்". ஊர்ல பாதிப்பேர் தட்டுறது "எண்ணை". இன்னும் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்துலயே தட்டுறாங்க. தலைப்புலயும் உடல்லயும் சரியான வடிவம் இருக்கட்டும். தேடுபொறி இந்த மாதிரி வித்தியாசங்களைப் பெரும்பாலும் சேர்த்துப் பார்த்துக்கும். நல்லெண்ணெயை "ஜிஞ்சலி ஆயில்"னு தேடுறவங்களுக்காக அந்தப் பேரை ஒரு இடத்துல இயல்பா சொல்லிடுங்க, போதும். பிழையான சொற்களை அடியில கும்பலாக் கொட்டுற வேலை வேண்டாம். மெட்டா கீவேர்டை (பக்கத்துக்குள்ள மறைவா எழுதி வைக்கிற தேடுசொல் பட்டியல்) தரவரிசைக்கு எடுக்கிறதில்லன்னு கூகுள் 2009-லேயே சொல்லிடுச்சு. இன்னமும் அதை நிரப்பித் தர்றதுக்குக் காசு வாங்குறவங்க இருக்காங்க.

ஆங்கிலப் பதிவும் வேணும்னா தனிப் பக்கமா வைங்க. ஒரே பக்கத்துல மேல தமிழ், கீழ ஆங்கிலம்னு போட்டா ரெண்டு கூட்டத்துக்கும் பாதிதான் கிடைக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு ஹெச்ரெஃப்லாங் குறியில (இதே பக்கம் வேற மொழியில எங்க இருக்குன்னு தேடுபொறிக்குச் சொல்ற குறி) சுட்டணும். ஒரு பக்கம் மட்டும் சுட்டினா கணக்குல எடுக்காது.

#9 செக்கடி_ஈரோடு

நன்றிங்க எல்லாருக்கும். விலைப் பதிவுக்கு ஆரம்பம் எழுதிப் பார்த்தேன், இது போதுமா?

> பண்டைய காலம் முதலே தமிழர் வாழ்வியலில் எண்ணெய்க்குத் தனியிடம் உண்டு. நம் முன்னோர்கள் செக்கில் ஆட்டிய எண்ணெயைப் பயன்படுத்தி நூறாண்டு நோயின்றி வாழ்ந்தனர். சர்க்கரை நோய், மாரடைப்பு போன்றவற்றைத் தடுக்கும் அருமருந்தாகிய செக்கு நல்லெண்ணெயை எங்கள் நிறுவனம்…

#10 கணக்குப்பிள்ளை

பண்டைய காலத்தை விட்டு வெளிய வாங்க தம்பி. போன்ல படிக்கிறவருக்கு முதல் திரையில 5-6 வரிதான் தெரியும். அதுல விடை இல்லன்னா பின்னால போயிடுவார். இப்படி மாத்திப் பாருங்க:

> எங்கள் கடையில் மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் ___ ரூபாய், 5 லிட்டர் ___ ரூபாய் (இன்றைய தேதி). பார்சல் செலவு தனி. 1 லிட்டருக்கு 2.5 கிலோ எள் ஆகிறது; விலையில் பெரும்பங்கு அதுதான். முழுக் கணக்கு கீழே.

முதல் 4 வரியில விலை, அளவு, தேதி, காரணம். படிக்கிறவர் இங்கேயே போன் போட்டாலும் நமக்கு லாபம்தான். மீதி கணக்கு, படம், ஆர்டர் செய்யும் முறை எல்லாம் 600-800 வார்த்தைக்குள்ள அடங்கும். வார்த்தை எண்ணிக்கைக்காக இழுக்காதீங்க. "மண்டி நிக்குதே" பதிவுக்கு 300 வார்த்தையே தாராளம்.

#11 லைசென்ஸ்_அக்கா

அந்த மூணாவது வரியை உடனே அழிச்சிடுங்க. நடையைச் சொல்லல, சட்டத்தைச் சொல்றேன்.

கடை பேர்ல வர்ற பதிவையும் விளம்பரமாத்தான் பார்ப்பாங்க. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 53: தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம். அதுக்கு மேல 2018-ல் விளம்பரம், உரிமைகோரல் பத்தித் தனி விதிமுறைகளே வந்தாச்சு. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும்னு எழுதக்கூடாது. "இயற்கை", "பாரம்பரிய" மாதிரி சொற்களுக்குக்கூட அதுல நிபந்தனை இருக்கு. "கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்"னு பெருமையாப் போடுவாங்க பாருங்க, தாவர எண்ணெய் எதுலயுமே கொலஸ்ட்ரால் கிடையாது. உங்க எண்ணெய்க்கு மட்டும் இருக்கிற சிறப்பு மாதிரி எழுதினா அதுவும் தப்புதான்.

"10 நன்மைகள்" பதிவுலயும் இதே சங்கதி இருக்கும். போய்ப் பாருங்க.

எழுதலாம்னா இதை எழுதுங்க: எந்த எள், எந்த மரத்துச் செக்கு, ஆட்டும்போது என்ன சேர்க்கிறீங்க, எத்தனை நாள் தெளிய விடுறீங்க, எப்ப பாட்டில்ல அடைக்கிறீங்க. எல்லாம் நீங்க கண்ணால பார்க்கிறது, நிரூபிக்க முடியிறது. அடியில 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைப் போடுங்க.

#12 பஜார்வாசி

நோய் தீரும்னு போட்டாத்தானே அக்கா சனம் படிக்குது?

#13 லைசென்ஸ்_அக்கா

படிக்கும். வாங்காது. நோய்க்கு வழி தேடுற ஆள் இன்னும் நாலு பக்கம் படிச்சுட்டுப் போயிடுவார். நோட்டீஸ் மட்டும் கடை முகவரிக்கு வரும்.

#14 அளவுகோல்

ஆர்டர் பதிவுலேர்ந்து வருதா இல்லையான்னு முதல் பதிவுல கேட்டிருந்தாரே, அதை யாரும் தொடல. செலவில்லாம அளக்கலாம்.

ஒவ்வொரு பதிவுக்கும் தனி வாட்ஸப் இணைப்பு போடுங்க. டபிள்யூஏ டாட் மீ முகவரி, பிறகு 91 சேர்த்த எண் (கூட்டல் குறி, இடைவெளி எதுவும் கூடாது), அதோட முன்கூட்டியே எழுதின செய்தி. செய்தியில கடைசியா ஒரு குறி: "நல்லெண்ணெய் 5 லிட்டர் வேண்டும் (ப7)". ப7-ன்னா ஏழாவது பதிவு. அனுப்புறவர் அந்தக் குறியைப் பெரும்பாலும் அழிக்கமாட்டார். மாசக் கடைசியில வாட்ஸப்ல "ப7"-ன்னு தேடினா எத்தனை விசாரிப்புன்னு தெரிஞ்சுடும். அதுல எத்தனை ஆர்டர் ஆச்சுன்னு நோட்டுல குறிச்சுக்குங்க. இணைப்பை அடியில மட்டும் வைக்காம விலை சொன்ன இடத்துலயே ஒண்ணு வைங்க.

அடுத்து சர்ச் கன்சோல், கூகுள் தேடல்ல உங்க பக்கம் எப்படி வருதுன்னு காட்டுற கருவி. 16 மாசத் தரவு இருக்கும், இலவசம். நான் பார்க்கிற வரிசை இது:

இம்ப்ரெஷனே (தேடல் முடிவுல பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை) இல்லன்னா பக்கம் கூகுளோட அட்டவணையில ஏறலன்னு அர்த்தம், இல்லன்னா அந்தக் கேள்வியை யாருமே தேடல. அங்கேயே இருக்கிற முகவரிச் சோதனையில பக்கத்தோட முகவரியைப் போட்டா எதுன்னு தெரியும். இடம் 11-லிருந்து 20, அதாவது ரெண்டாம் பக்கம்னா விடை அரைகுறை. எந்தச் சொற்களுக்குக் காட்டுறாங்கன்னு பாருங்க, அதுல நீங்க பதில் சொல்லாத கேள்வி ஒண்ணு கண்டிப்பா ஒளிஞ்சிருக்கும். அதைச் சேருங்க. இடம் 3-4, ஆனா கிளிக் இல்லன்னா தலைப்புல கோளாறு. தமிழ் எழுத்து அகலமானது, போன்ல தலைப்பு சீக்கிரம் வெட்டுப்படும். கடைப் பேரை முன்னால வெச்சுட்டு "விலை"ங்கிற சொல்லைக் கடைசியில வெச்சா அதுதான் காணாமப் போகும். கடைப் பேரைப் பின்னால தள்ளுங்க.

ஒரே தேடலுக்கு உங்க ரெண்டு பதிவு மாறி மாறி வந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்குது. நல்லதுல மத்ததைச் சேர்த்துட்டு பழசை 301-ல் திருப்புங்க.

முதல் 3 மாசம் ஆர்டரை எதிர்பார்க்காதீங்க, புது தளத்துக்கு இம்ப்ரெஷன் ஏறுதான்னு மட்டும் பாருங்க. அதுவரைக்கும் பதிவோட வேலை வேற: போன்ல கேள்வி வந்தா அதே பதிவை அனுப்புறது. வாட்ஸப் பிசினஸ்ல விரைவுப் பதிலா "/விலை"ன்னு சேமிச்சு வெச்சுக்குங்க. தேடல் வராத காலத்துலயும் பதிவுக்குக் கூலி கிடைக்கும்.

#15 தமிழ்த்தட்டச்சு

படத்தையும் சேர்த்துக்குங்க. போன்ல எடுத்த படம் 3-4 எம்பி இருக்கும், அப்படியே ஏத்தினா பக்கம் திறக்கவே நேரமாகும். பெரிய படம் வந்து நிக்க 2.5 விநாடிக்குள்ள இருக்கணும்ங்கிறது கூகுளோட அளவு. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (இணையத்துக்கான சின்ன அளவுப் பட வகை) வடிவத்துல 150 கேபிக்குள்ள வைங்க. இணையத்துல எடுத்த பளபளக்கிற எண்ணெய்ப் படம் வேண்டாம். உங்க செக்குல எள் கொட்டுற படம் மங்கலா இருந்தாலும் அதுதான் நம்பிக்கை தரும்.

#16 புதுநகர்

இதெல்லாம் ஏஐ கிட்ட கொடுத்தா ஒரே நாள்ல 50 பதிவு தருமே? ஒரு ஏஜென்சியும் மாசம் 30 பதிவுன்னு பேக்கேஜ் சொல்லுது.

#17 வடிகட்டி

தரும். 50-ம் "பண்டைய காலம் முதலே"ன்னு ஆரம்பிக்கும். உங்க செக்குல 2.5 கிலோவா 2.7 கிலோவான்னு அதுக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி எழுதும். தேடலுக்காக மட்டும் கொத்துக் கொத்தா உருவாக்குற பக்கங்களை ஸ்பேம்னு 2024 மார்ச்ல கூகுள் கொள்கையிலேயே சேர்த்தாச்சு. யார் எழுதினா, எந்த இயந்திரம் எழுதிச்சுன்னு பார்க்கிறதில்ல. புதுசா ஒண்ணும் சொல்லாம குவிக்கிறதுதான் குற்றம்.

இயந்திரத்தை வேற விதமா வேலை வாங்கலாம். செக்கு ஓட்டுறவர்கிட்ட ஒரு கேள்வியைக் கேட்டு 10 நிமிஷம் பேச விட்டு, போன்ல குரல் தட்டச்சுல எழுத்தாக்குங்க. அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்த மட்டும் ஏஐ. எண் எதையும் அது சேர்க்க விடாதீங்க. மாசம் 2 பதிவு போதும்.

#18 செக்கடி_ஈரோடு

வாழ்த்துப் பதிவு எல்லாம் எடுத்தாச்சு. "10 நன்மைகள்" பக்கத்தையும் இறக்கிட்டேன். வரிசை இப்படி வெச்சிருக்கேன்: விலை, கூலிக்கு ஆட்டுறது, மண்டி, நுரை, எத்தனை மாசம் வைக்கலாம், தேங்காய் எண்ணெய் உறையிறது. கடைசிப் பதிவுக்கு "உறைந்தால்தான் சுத்தம்"னு தலைப்பு வைக்கலாமா?

#19 தராசுமுள்

வேண்டாங்க, அது தப்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனா உறையும். ரீஃபைன் பண்ணினதும் உறையும், பாம் கெர்னல் எண்ணெய் (பாமாயில் பனையோட கொட்டைப் பருப்பு எண்ணெய்) கலந்ததும் உறையும். உறையிறது கெட்டதுக்கும் அடையாளம் இல்ல, சுத்தத்துக்கும் அடையாளம் இல்ல. அதையே தலைப்பாக்குங்க: "தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதா? கலப்படம் என்று பயப்பட வேண்டாம்". பாட்டிலை அடுப்புல காட்டாம வெதுவெதுப்பான தண்ணியில நிக்க வைக்கணும், வாய் அகலமான பாட்டில் வேணும்னா ஆர்டர்லயே சொல்லலாம்னு ரெண்டு வரி சேருங்க.

வரிசையில மட்டும் ஒரு மாற்றம். அந்தக் கேள்வி மார்கழியில கொட்டும். பதிவு அட்டவணையில ஏறி நிக்க நாள் பிடிக்கும், அதனால ஐப்பசியிலேயே போட்டுடுங்க.